நீச்சல்குளம் உள்ள வீட்டை வாடகைக்கு விடுவதற்கு முன்: நியூ சவுத் வேல்ஸ் உரிமையாளர்களுக்கும் ஏஜென்டுகளுக்கும்

சின்னக் குழந்தை தண்ணீரில் மூழ்கும்போது பெரும்பாலும் சத்தமே வருவதில்லை. அலறலும் இருக்காது, கையடிப்பும் இருக்காது. அடுப்படியில் நிற்கும் தாய்க்கு ஒன்றுமே கேட்காது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1992ஆம் ஆண்டின் நீச்சல்குளச் சட்டம் வேலியில் இவ்வளவு கண்டிப்பு காட்டுவது இதனால்தான். சிட்னியில் குளத்தோடு வீடு வாங்கி வாடகைக்கு விடும் தமிழர்கள் இருக்கிறார்கள். முதல் முறை விடுபவர்கள் இந்த வரிசையில் போனால் குழப்பம் இருக்காது.

படி 1: பதிவு

நீந்தவோ நீரில் விளையாடவோ பயன்படும், 30 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய எதுவும் சட்டத்தின் பார்வையில் குளம்தான். ஸ்பா எனும் வெந்நீர்த் தொட்டியும், கடையில் வாங்கி ஊதி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் குளமும் இதில் அடங்கும். மாநிலத்தின் நீச்சல்குளப் பதிவேட்டில் இணையம் வழியாக நீங்களே பதியலாம், கட்டணம் இல்லை. பழைய உரிமையாளர் பதிந்திருக்கிறாரா என்றும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: அளவுநாடாவோடு வேலியைச் சுற்றி வாருங்கள்

ஆய்வாளரை அழைப்பதற்கு முன் இதை நீங்களே செய்யுங்கள். வேலியின் உயரம் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. தரைக்கும் வேலிக்கும் இடையிலோ, கம்பிக்கும் கம்பிக்கும் இடையிலோ 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி ஆகாது. மழையில் மண் அரித்துப்போன இடத்தில் அடி இடைவெளி கூடியிருக்கும். அங்கே குனிந்து அளந்து பாருங்கள்.

அடுத்து, ஏறுவதற்கு உதவும் பொருள்கள். வேலியிலிருந்து 90 சென்டிமீட்டருக்குள் பூந்தொட்டி, நாற்காலி, பார்பிக்யூ அடுப்பு, தாழ்ந்த மரக்கிளை எதுவும் இருக்கக் கூடாது. மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு தொட்டி போதும். பக்கத்து வீட்டோடு சேர்ந்த எல்லை வேலியே குளத்துக்கும் தடுப்பாக இருந்தால் கணக்கு வேறு: உயரம் 1.8 மீட்டர் வேண்டும். பிடித்தோ மிதித்தோ ஏற எதுவும் இல்லாத பகுதி குளத்தின் பக்கம், வேலியின் மேல் 90 சென்டிமீட்டரில் அமைய வேண்டும்.

படி 3: கேட்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். கேட் குளத்துக்கு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், தானாக மூட வேண்டும், தானாகத் தாழிட வேண்டும். தாழ்ப்பாளைத் திறக்கும் குமிழ் பொதுவாகத் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும்.

கேட்டை முழுவதும் திறந்து கையை எடுங்கள், தள்ளாதீர்கள். பிறகு பாதி திறந்து விட்டுப் பாருங்கள். கடைசியாக, தாழ்ப்பாளுக்கு விரலளவு தூரத்தில் நிறுத்தி விடுங்கள். பல கேட்டுகள் இந்தக் கடைசிச் சோதனையில்தான் தோற்கின்றன. வேகம் போதாமல் தாழ்ப்பாளின் நாக்கு உள்ளே விழாது. விளிம்பில் சாய்ந்து நிற்கும். வீட்டுக்குள்ளிருந்து பார்ப்பவருக்கு மூடியதாகவே தெரியும். குழந்தை கை வைத்தால் திறந்துவிடும். பல கீல்களில் ஸ்பிரிங்கின் முறுக்கைக் கூட்டும் திருகு உண்டு, அதை ஸ்க்ரூடிரைவரால் சரிசெய்யலாம். மேற்கு சிட்னியின் களிமண் கோடையில் சுருங்கி மழையில் உப்பும். அதில் தூண் சற்றுச் சாய்ந்தாலும் தாழ்ப்பாள் நேர்ப்படாது. அப்படியானால் ஆள் வைத்துத் தூணை நிமிர்த்தத்தான் வேண்டும்.

படி 4: அறிவிப்புப் பலகை

இதயமும் மூச்சும் நின்றவருக்குச் செய்யும் முதலுதவி விளக்கப் பலகை குளத்தருகே, மூன்று மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும். வெயிலில் வெளுத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

படி 5: சான்றிதழும் ஒப்பந்தமும்

உள்ளாட்சி மன்றமான கவுன்சிலோ உரிமம் பெற்ற தனியார் சான்றாளரோ ஆய்வு செய்து, வேலி விதிப்படி இருக்கிறது என்று தரும் இணக்கச் சான்றிதழ் மூன்று ஆண்டுகள் செல்லும். 2016 ஏப்ரல் 29 முதல், இது இல்லாமல் குளமுள்ள வீட்டை வாடகைக்கு விட முடியாது. புதிதாகக் கட்டிய குளத்துக்கு, கட்டியதைப் பயன்படுத்தலாம் என்று மூன்று ஆண்டுக்குள் வழங்கிய சான்றிதழும் (occupation certificate) பதிவுச் சான்றும் போதும். இரண்டுக்கு மேற்பட்ட வீடுகள் சேர்ந்த அடுக்குமாடிகளுக்கு விதி வேறு. அங்கே பொதுக் குளத்தைக் கவுன்சிலே மூன்று ஆண்டுக்கொரு முறை ஆய்வு செய்கிறது.

ஏஜென்டுகளுக்கு: வாடகைதாரர் கையெழுத்திடும் முன் சான்றிதழின் நகல் அவர் கையில் இருக்க வேண்டும். காலாவதியாகும் தேதியை உங்கள் நாட்காட்டியில் இரண்டு மாதம் முன்னதாகவே குறித்துவையுங்கள். "உரிமையாளர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுவது தவறு. உரிமையாளர்களும் ஏஜென்டிடம் ஒப்படைத்தாயிற்று என்று கைகழுவ முடியாது; வேலி ஒழுங்காக இருப்பது உங்கள் பொறுப்புதான்.

அந்தச் சான்றிதழ், ஆய்வு நடந்த நாளில் வேலி சரியாக இருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. ஒவ்வொரு முறை வீட்டைப் பார்வையிடப் போகும்போதும் படி 3இன் சோதனையை மறுபடி செய்யுங்கள். வாடகைதாரருக்கு இரண்டு செய்திகளை எழுத்திலேயே கொடுங்கள்: கேட்டுக்குக் கல்லோ நாற்காலியோ முட்டுக் கொடுக்கக் கூடாது, தாழ்ப்பாள் மக்கர் செய்தால் அன்றே அழைக்க வேண்டும். அழைப்பு வந்தால் அதை அவசரப் பழுதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்பதானால்

இணக்கச் சான்றிதழ் இல்லாவிட்டால், குறைகளைப் பட்டியலிடும் இணக்கமின்மைச் சான்றிதழை விற்பனை ஒப்பந்தத்தோடு இணைத்து விற்கலாம். அப்போது வாங்குபவர், வீடு கைமாறிய நாளிலிருந்து 90 நாளுக்குள் அந்தக் குறைகளைச் சரிசெய்ய வேண்டும். சிறு குறைகள் என்றால் விற்பதற்கு முன்பே நீங்கள் முடித்துவிடுங்கள். அந்த 90 நாளிலும் அங்கே குழந்தைகள் இருக்கலாம்.