மோட்டார்ஹோம் ஏசி குளிரவில்லையா? யூனிட்டை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

போன ஜூலையில் டெக்சாஸில், சான் அன்டோனியோ பக்கம் ஒரு ஆர்வி பார்க்கில், அதாவது மோட்டார்ஹோம் போன்ற தங்கும் வண்டிகளை நிறுத்திக் கரண்ட் எடுத்துக்கொள்ளும் இடத்தில், வண்டியை நிறுத்தியிருந்தோம். பகல் இரண்டு மணி, வெளியே 101 டிகிரி பாரன்ஹீட். கூரை ஏசியின் விசிறி ஓடுகிறது, காற்றும் வருகிறது, ஆனால் துளி குளிர்ச்சி இல்லை. சின்னவள் முகம் சிவந்து, ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். வந்து பார்த்த மெக்கானிக், கேஸ் போய்விட்டது, புது யூனிட்தான் போடவேண்டும் என்றார். ஆயிரத்து ஐந்நூறு டாலருக்கு மேல் ஆகுமாம்.

அவர் போனபிறகு உள்ளே இருந்த பிளக் பாயிண்டில் மீட்டரைச் செருகிப் பார்த்தேன். 104 வோல்ட். இருக்க வேண்டியது 120. இரவு பத்து மணிக்குப் பக்கத்து வண்டிகளில் ஏசியைக் குறைத்ததும் அது 117க்கு ஏறியது. எங்கள் ஏசியும் தானாகக் குளிர ஆரம்பித்தது. அதே யூனிட் இந்தக் கோடையிலும் ஓடுகிறது.

புதிதாக வண்டி வாங்கியவர்களும் வாடகைக்கு எடுப்பவர்களும் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூரை ஏசியில் கேஸ் என்பது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய விஷயம். குழாய்களைத் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடி அனுப்புகிறார்கள், கார் ஏசிபோல கேஸ் ஏற்றும் வால்வு பெரும்பாலான யூனிட்களில் கிடையாது. முதலில் பார்க்க வேண்டியவை கரண்டும் காற்றோட்டமும்தான்.

படி 1: எந்த ஏசி?

மோட்டார்ஹோமில் இரண்டு உண்டு. டிரைவர் முன்னால் இருப்பது என்ஜினால் ஓடும் சாதாரண கார் ஏசி. அதில் கோளாறு என்றால் கார் மெக்கானிக்கிடம் போங்கள். இங்கே சொல்வதெல்லாம் 120 வோல்ட்டில் ஓடும் கூரை ஏசிக்கு.

படி 2: வோல்டேஜை அளந்து பாருங்கள்

பிளக்கில் செருகினால் எண்ணைக் காட்டும் சின்ன வோல்ட்மீட்டர் ஒன்று வாங்கி வண்டியிலேயே நிரந்தரமாக வையுங்கள். ஏசி ஓடாதபோது 120 காட்டுவதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. குளிர்ச்சியை உண்டாக்கும் கம்ப்ரசர் ஓடும்போது என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 114க்கு மேல் இருந்தால் நிம்மதி. 108க்குக் கீழே போனால் உடனே ஏசியை நிறுத்திவிடுங்கள். வோல்டேஜ் குறையும்போது கம்ப்ரசர் மோட்டார் அதிக ஆம்ப் இழுக்கும், சூடாகும், உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் அதை நிறுத்திவிடும். விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். எங்களுக்கு நடந்தது இதுதான். இப்படியே பல நாள் ஓட்டினால் நல்ல கம்ப்ரசரும் எரிந்துபோகும்.

பார்க்கின் கரண்ட் பெட்டியில் சரியான வோல்டேஜ் இருந்து வண்டிக்குள் மட்டும் குறைகிறதா? கேபிளின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், அல்லது அதன் கால்கள் கருத்திருந்தால், இணைப்பு சரியில்லை. மெல்லிய எக்ஸ்டென்ஷன் கம்பியும் இதேபோல் வோல்டேஜைக் குறைக்கும். வீட்டு வாசலில் 15 ஆம்ப் பிளக்கில் செருகி ஏசி போடுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

30 ஆம்ப் பிளக் உள்ள வண்டி என்றால் மொத்தம் 3,600 வாட்தான். 13,500 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி ஒன்று ஓடும்போதே 12 முதல் 15 ஆம்ப் எடுக்கும். அதோடு மைக்ரோவேவ், கரண்ட் வாட்டர் ஹீட்டர் இரண்டையும் போட்டால் பிரேக்கர் விழத்தான் செய்யும். 50 ஆம்ப் வண்டிக்கு 120 வோல்ட் லைன் இரண்டு வருவதால் 12,000 வாட் கிடைக்கிறது. இரண்டில் ஒரு லைன் போனால் வண்டியில் பாதி வேலை செய்யும், பாதி செய்யாது.

ஜெனரேட்டரில் ஓட்டுபவர்களுக்கு: கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பலமடங்கு ஆம்ப் கேட்கும். 13,500 பிடியூவுக்கு 3,000 வாட் அளவில் ஜெனரேட்டர் வேண்டும். கம்ப்ரசரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டிருந்தால் இன்னும் சிறியதும் தாங்கும். மலை ஏறினால் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஜெனரேட்டரின் சக்தி 3 முதல் 4 சதவீதம் குறையும், அதையும் கணக்கில் வையுங்கள்.

படி 3: எதுவுமே கிளம்பவில்லை என்றால்

பிரேக்கரை முழுதாக ஆஃப் செய்து பிறகு ஆன் செய்யுங்கள். அப்புறம் 12 வோல்ட் பியூஸ்களைப் பாருங்கள். ஏசி 120 வோல்ட்டில் ஓடினாலும் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் பல வண்டிகளில் 12 வோல்ட்டில்தான் இயங்குகிறது. பேட்டரி பக்கம் ஒரு பியூஸ் போனால் மொத்த ஏசியும் செத்ததுபோல் கிடக்கும். ஆன் செய்ததும் கம்ப்ரசர் வரவில்லையே என்று அணைத்து அணைத்துப் போடாதீர்கள், ஐந்து நிமிடம் பொறுங்கள்.

படி 4: உள்ளே காற்று எப்படி ஓடுகிறது?

ஃபில்டரைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து மாட்டுங்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. நாய், பூனை இருந்தால் இன்னும் சீக்கிரம். ஃபில்டர் அடைத்தால் காற்றைக் குளிரவைக்கும் காயிலில் ஐஸ் பிடிக்கும், காற்று மெல்ல மெல்லக் குறைந்து நின்றேபோகும். அப்போது கூலிங்கை நிறுத்தி விசிறியை மட்டும் ஹையில் ஓட விடுங்கள். ஐஸ் தானாகக் கரையும், கத்தியால் சுரண்டாதீர்கள்.

அடுத்தது, ஃபில்டர் கழுவுபவர்களும் கவனிக்காமல் விடும் இடம். கரண்டைத் துண்டித்துவிட்டு உள்கூரையில் இருக்கும் ஏசி மூடியைக் கழற்றுங்கள். மேலே டார்ச் அடித்தால் ஒரு தடுப்பு தெரியும். அதன் ஒரு பக்கம் அறையின் சூடான காற்றை இழுக்கிறது, மறுபக்கம் குளிர்ந்த காற்றைத் தள்ளுகிறது. இந்தத் தடுப்பில் இடைவெளி இருந்தால் குளிர்ந்த காற்று அறைக்கு வராமல் அப்படியே திரும்ப உள்ளே போய்விடும். புது வண்டிகளில்கூட இது சரியாக மூடப்படாமல் வருவதுண்டு. எங்கள் வண்டியில் இரண்டு விரல் நுழையும் அளவு சந்து இருந்தது. அலுமினிய ஃபாயில் டேப் வாங்கி எல்லா ஓரங்களையும் அழுத்தி ஒட்டுங்கள். துணி டேப் வேண்டாம், சூட்டில் உரிந்துவிடும். இந்த ஒரு மணி நேர வேலையில் பின் படுக்கையறைக்குப் போகும் காற்றின் வேகமே மாறியது.

படி 5: காற்றின் சூட்டு வித்தியாசத்தை அளந்து பாருங்கள்

ஏசி இருபது நிமிடம் ஓடியபிறகு, சமையலறைத் தெர்மாமீட்டரை ஃபில்டர் அருகே ஒருமுறையும், ஏசிக்கு மிக அருகில் காற்று வெளிவரும் துவாரத்தில் ஒருமுறையும் பிடியுங்கள். இரண்டுக்கும் 16 முதல் 22 டிகிரி பாரன்ஹீட் வித்தியாசம் இருந்தால் உங்கள் ஏசி நலமாக இருக்கிறது. உள்ளே 98 என்றால் வரும் காற்று 78 இருக்கும். அது கோளாறு அல்ல, வண்டி சூடேறிவிட்டது, அவ்வளவுதான். மோட்டார்ஹோம் சுவர்கள் மெல்லியவை. காலையிலேயே ஏசியைப் போடுங்கள், முன்கண்ணாடியை வெளியிலிருந்து மூடுங்கள், கூரை ஜன்னலில் வெயிலைத் தடுக்க அதற்கென்றே உள்ள தலையணையைச் செருகுங்கள், முடிந்தால் மரநிழலில் நிறுத்துங்கள்.

படி 6: கூரை மேல்

இதற்குமுன் வண்டியின் பிளக்கையே உருவிவிடுங்கள், ஜெனரேட்டரையும் அணையுங்கள். மேல்மூடியைக் கழற்றிப் பின்பக்கக் காயிலைப் பாருங்கள். தூசு, இலை, குளவிக்கூடு இருந்தால் மென்மையான பிரஷால் எடுங்கள். ஹை பிரஷர் தண்ணீர் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

கம்ப்ரசர் உறுமிவிட்டு நின்றுபோகிறது, வோல்டேஜும் சரி என்றால் கம்ப்ரசரைக் கிளப்ப உதவும் கெபாசிட்டர் மேல்தான் என் சந்தேகம் போகும். சிறிய பொருள், விலையும் குறைவு. ஆனால் கரண்டை எடுத்தபிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். முதல்முறை செய்பவர்கள் தெரிந்தவரிடம் விடுங்கள், இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். கேஸ் வேலையும் அப்படித்தான். அமெரிக்காவில் 608 எனப்படும் கேஸ் கையாளும் சான்றிதழ் பெற்றவர்தான் அதில் கைவைக்கலாம்.

உள்ளே தண்ணீர் சொட்டினால் வண்டி சமமாக நிற்கிறதா, ஏசியின் அடித்தட்டில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். மழையில் மட்டும் சொட்டினால், கூரைக்கும் யூனிட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்க இருக்கும் மெத்தைபோன்ற கேஸ்கெட் அமுங்கிப் போயிருக்கலாம். உள்ளிருந்து நான்கு போல்ட்களை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரேயடியாக இறுக்கினால் கேஸ்கெட் நசுங்கிப் பிறகு நிரந்தரமாகக் கசியும்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஓடும்போது எத்தனை வோல்ட், உள்ளே போகும் காற்று எத்தனை டிகிரி, வெளியே வருவது எத்தனை டிகிரி, இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி, அவர் பெட்டியைத் திறக்கும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள்.