மரக்கட்டையும் பதிவேடும்: வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு ஜீப்பில் டிரைவர் எழுதும் லாக் புக்கைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அந்த 'லாக்' மரக்கட்டைதான். பழைய பாய்மரக் கப்பல்களில், சம இடைவெளியில் முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டிய ஒரு மரக்கட்டையைக் கடலில் எறிவார்கள். 28 விநாடியில் எத்தனை முடிச்சு கை வழியே ஓடுகிறது என்று எண்ணிக் கப்பலின் வேகத்தைக் குறித்து வைப்பார்கள். குறித்த நோட்டுக்கும் கட்டையின் பெயரே ஒட்டிக்கொண்டது. தமிழிலும் இதே கதைதான். செட்டிநாட்டுப் பெட்டகங்களில் இருந்த பேரேடு முதல் பள்ளி வருகைப் பதிவேடு வரை எல்லாவற்றிலும் இருக்கும் 'ஏடு' பனை ஓலை. மரமும் பதிவும் இப்படிப் பின்னிக் கிடக்க, மரத்தை அறிவியல் பாடத்துக்கும் பதிவேட்டைக் கணக்குப் பாடத்துக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் நான் பார்த்த முதல் தவறு.

முடிச்சு விளையாட்டை மைதானத்தில் நடத்தும்போது பலர் கட்டையை இழுத்துக்கொண்டு ஓடச் சொல்கிறார்கள். கட்டை நகரக் கூடாது. ஒரு பிள்ளை அதைத் தரையில் பிடித்துக்கொள்ள, கயிற்றுச் சுருளை ஏந்தியவர் கப்பலாக நடக்க வேண்டும். 5 மீட்டர் 14 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு 10 விநாடி எண்ணினால், ஓடிய முடிச்சுகளின் எண்ணிக்கையே கடல் கணக்கில் வேகம், அதாவது மணிக்கு அத்தனை கடல் மைல்.

அடுத்தது, மரத்தின் வயதைக் காட்டும் ஆண்டு வளையம். நம் பக்கம் சுலபமாகக் கிடைப்பது பனங்கட்டை. அதைக் கொடுத்து வயதை எண்ணச் சொன்னால் பிள்ளைகள் திணறுவார்கள், ஏனென்றால் பனையில் ஆண்டு வளையமே கிடையாது. தென்னைக்கும் அப்படித்தான். தேக்கில் வளையம் தெளிவாகத் தெரியும். மர அறுவை மில்லில் கேட்டால் குறுக்காக அறுத்த ஒரு துண்டு கிடைக்கும். முகப்புத் திண்ணையில் நிற்கும் பர்மா தேக்குத் தூணைக் காட்டி அங்கே எண்ணச் சொல்லிவிடாதீர்கள். தூணின் பக்கவாட்டில் ரேகைகள்தான் தெரியும். அந்தத் தேக்கு வந்த கதையைச் சொல்லுங்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும். அதனால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையோடு வெட்டி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டு காயவிட்டுப் பிறகுதான் பர்மாவில் ஆற்றில் மிதக்க விட்டார்கள்.

வளையத்துக்கு நல்ல தேக்கு, மக்கும் கட்டையடியில் வந்து சேரும் உயிரினங்களைப் பார்க்க உதவாது. ஒரு வருடம் மில் துண்டுத் தேக்கைப் பள்ளி வேலியோரம் போட்டு வைத்தேன். மூன்று மாதம் கழித்தும் கறையான்கூட அண்டவில்லை. கறையானை விரட்டும் பொருள் அந்த மரத்திலேயே இருக்கிறது. வார்னிஷ் அடித்த பழைய கதவுத் துண்டும் வேண்டாம். காற்றில் விழுந்த மாங்கிளை, செத்த முருங்கை இரண்டும் சீக்கிரம் மக்கும். பச்சை முருங்கையைப் போட்டால் துளிர்த்துவிடும், அதையும் கவனியுங்கள். சித்திரை வெயிலில் தொடங்கினால் கட்டை காய்ந்து கிடக்கும். ஐப்பசி மழை விழுந்த பிறகு, நிழலில், பாதி மண்ணுக்குள் புதைந்தாற்போல் வையுங்கள். மரவட்டை, சாம்பல் காளான், எறும்பு என்று ஒவ்வொன்றாக வரும்.

இங்கேதான் ஆபத்தான தவறும் நடக்கிறது. கட்டையைப் பிள்ளைகள் எதிர்ப்பக்கம் தள்ளித் திறந்தால், அடியில் இருப்பது நேரே அவர்கள் காலுக்கு வரும். தேளும் பூரானும் மட்டுமல்ல, சுருட்டை விரியனும் அப்படிப்பட்ட இடத்தில் பதுங்கும். ஆசிரியரே முதலில் ஒரு கம்பால் கட்டையைத் தன் பக்கமாகப் புரட்ட வேண்டும். அப்போது அது நடுவில் தடுப்பாக நிற்கும். செருப்புப் போட்ட கால், மண்ணைத் தொடாத விரல். பார்த்து முடித்ததும் இருந்தபடியே மூடுங்கள். திறந்து போட்டால் ஈரம் போய், அதற்குள் குடியிருந்தவை ஓடிவிடும்.

அப்புறம், கட்டையடியில் பார்த்ததைத் தினம் எழுதும் பதிவு. வெள்ளிக்கிழமை ஒரே மூச்சில் ஐந்து நாளையும் எழுதுவது எல்லா வகுப்பிலும் நடக்கிறது. ஒரே மை, ஒரே சாய்வு எழுத்து, கண்டுபிடித்துவிடலாம். அதைவிடக் கெட்டது 'மேற்படி'. திங்கள் 'இரண்டு மரவட்டை' என்று எழுதிவிட்டு மீதி நாளெல்லாம் மேற்படி. கட்டையடியில் ஒன்றும் இல்லாத நாளை அப்படியே காலியாக விடுகிறார்கள். அன்று போய்ப் பார்த்தார்களா, பார்த்தும் இல்லையா என்று பிறகு யாருக்கும் தெரியாது. 'பார்த்தேன், ஒன்றும் இல்லை' என்பதும் முழுப் பதிவு. நேரம், மழை பெய்ததா, யார் பார்த்தது, இந்த மூன்றும் தினம் வேண்டும்.

தவறாக எழுதியதை ரப்பரால் அழிக்கவோ வொயிட்னர் பூசவோ விடாதீர்கள். நல்ல கணக்குப்பிள்ளை ஒரே கோடு போட்டு அடித்து, அடித்தது படிக்கத் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திடுவார். சென்ற வருடம் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'அட்டை' என்று எழுதி, கோடிட்டு, மறுநாள் 'மரவட்டை, கால் நிறைய இருக்கு' என்று திருத்தியிருந்தாள். அந்தப் பக்கத்தை இப்போதும் புது வகுப்புக்கு முதலில் காட்டுகிறேன்.