கடனைக் கணக்கிட்டு மன்னியுங்கள்

மன்னிக்க முடியவில்லையே என்று ஜெபத்தில் கண்ணீர் விடுகிற பலர், மன்னிக்க வேண்டியது இன்னதென்று தங்களுக்கே சொல்லிப் பார்த்ததில்லை. ஆகவே முதலில் ஒரு தாளை எடுத்து, தீங்கு செய்தவரால் நீங்கள் எதை இழந்தீர்கள் என்று எழுதுங்கள். "அண்ணன் என்னை ஏமாற்றினார்" என்று எழுதியபோது என் மனம் அசையவில்லை. "அம்மாவின் வளையலைச் சொல்லாமல் விற்றார், கேட்டதற்கு என் பிள்ளைகள் முன்னால் என்னைப் பொய்க்காரி என்றார்" என்று எழுதியபோதுதான் அழுகை வந்தது. வளையல் போனதை நான் எப்போதோ விட்டிருந்தேன். அந்தச் சொல்தான் உள்ளே கிடந்தது.

அடுத்து மத்தேயு 18-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். எத்தனை தரம் மன்னிப்பது என்று கேட்ட பேதுருவுக்கு 'ஏழெழுபது தரம்' என்று பதில் சொன்ன ஆண்டவர், உடனே ஒரு கடன் கணக்கைச் சொல்கிறார். ராஜாவிடம் பட்ட பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட ஒரு வேலைக்காரன், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட உடன் வேலைக்காரனை மன்னிக்க மறுத்த கதை அது. வெள்ளிப்பணம் ஒன்று அக்காலத்தில் ஒரு நாள் கூலி என்பதால், உடன் வேலைக்காரன் பட்டிருந்த நூறு வெள்ளிப்பணம் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. உங்கள் காயம் அற்பமானது என்று அவர் சொல்லவே இல்லை. ஆனால் ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம் ஆகையால், ராஜா தள்ளிவிட்ட பதினாயிரம் தாலந்து ஏறக்குறைய ஆறு கோடி நாள் கூலியாகிறது. அந்தக் கணக்கை மனதில் வைத்து, தாளிலுள்ள ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்து, "ஆண்டவரே, இதை நான் இனிக் கேட்கமாட்டேன்" என்று சொல்லுங்கள். மறுநாள் அதே கோபம் திரும்பி வந்தால் மறுபடியும் சொல்லுங்கள். ஒரே குற்றத்தையே ஏழெழுபது தரம் மன்னிக்க நேரிடலாம் என்பது என் அனுபவம்.

மன்னிப்பதால் சட்டத்தின் வேலை நின்றுவிடுவதில்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவரான ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் மகன்கள் பிலிப், திமொத்தேயு இருவரையும் ஒரு கும்பல் வைத்த தீக்குப் பறிகொடுத்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், கொலையாளிகளை மன்னித்ததாக வெளிப்படையாக அறிவித்தார். வழக்கு தன் வழியில் நடந்து, முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. எனவே அடிக்கிற கணவனோடு வாழ்கிற பெண் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போகட்டும். மன்னிப்பைக் காரணம் காட்டி அவளைத் திருப்பி அனுப்ப எந்தப் போதகருக்கும் உரிமையில்லை.

கடைசியாக, உங்களுக்குத் தீங்கு செய்தவருடைய உண்மையான தேவை ஒன்றுக்காகத் தினமும் ஜெபியுங்கள். அண்ணனின் சர்க்கரை நோய்க்காக நான் ஜெபிக்கத் தொடங்கியபோது பல வாரங்கள் அது வாயளவில்தான் இருந்தது. ஒரு நாள், அவர் காலில் புண் என்று கேள்விப்பட்டு, ஆறியதா என்று விசாரிக்க நானே தொலைபேசியை எடுத்தேன்.