நியூட்ரினோவுக்கு நிறை எப்படி வந்துச்சுன்னு சொல்றப்ப வழுக்குற இடங்க

எங்க மன்னார்குடி பக்கம் நியூட்ரினோன்னாலே மீத்தேன், ஹைட்ரோகார்பன்னு போராட்ட நோட்டீஸ்ல வர்ற வரிசைதான் ஞாபகம் வரும், அக்கா பையனே சின்னதுல "மாமா அதுவும் கேஸா"ன்னு கேட்டவன்தான். அது கேஸு இல்ல, மின்சுமை இல்லாம எதையும் ஊடுருவிப் போற ரொம்பச் சின்ன துகள். இப்ப அவன் எம்எஸ்சி பிசிக்ஸ், அதுக்கு நிறை எப்படி வந்துச்சுன்னு எழுதுன செமினார் நோட்டைக் கொண்டாந்து காட்டுனான்.

முதல் பக்கத்துலயே "எல்லா நிறையும் ஹிக்ஸ் தருது, 2012-ல கண்டுபிடிச்சாச்சு"ன்னு இருந்துச்சு. ஹிக்ஸ்னா எங்கயும் பரவிக் கிடந்து துகள்களுக்கு நிறை குடுக்குற புலம். எலக்ட்ரானுக்கு சரிடா மாப்ள, ஆனா அந்த வழிக்கு துகளோட சுழற்சியை வச்சுப் பிரிக்கிற இடக்கை, வலக்கைன்னு ரெண்டு வகையும் வேணும், துகள்களுக்கான அடிப்படைக் கோட்பாடான ஸ்டாண்டர்ட் மாடல்ல நியூட்ரினோவுக்கு இடக்கை மட்டும்தான். வலக்கையை நாமளே சேத்துக்கிட்டாலும் கணக்கு வந்துரும், ஆனா துகள் நிறையைச் சொல்ற எலக்ட்ரான்வோல்ட் அலகுல எலக்ட்ரான் 5,11,000, நியூட்ரினோ ஜெர்மனியில நிறையை நேரடியா அளக்குற கேட்ரின் சோதனைப்படி 0.45-க்கும் கீழ, ஏன் இவ்ளோ சின்னதுன்னா பதில் கிடையாது. அதுக்காக அது தப்புன்னும் எழுதக்கூடாது.

பெரிய சறுக்கல், இந்தச் சின்ன நிறைக்குக் காரணம் சொல்ற சீசாங்குற யோசனையிலதான். ஒரு பக்கம் கனம் ஏறுனா இன்னொண்ணு லேசாகும்னு பார்க்குல இருக்குற பலகையை வரைஞ்சுட்டு எல்லாரும் நிறுத்திடறாங்க. இது பெருக்கல் கணக்குங்க. ஒரு மா நிலம், பரப்பு மாறக்கூடாது, நீளத்தை இழுக்க இழுக்க அகலம் வரப்பு மாதிரி ஒடுங்கிரும்ல, அதான். ஹிக்ஸ் வழியா வர்ற நிறையோட வர்க்கம்தான் பரப்பு, கனமான நியூட்ரினோவோட நிறை நீளம், லேசானதோடது அகலம். அந்த நிறை ஒண்ணுக்குப் பின்னாடி 11 சைபர் எலக்ட்ரான்வோல்ட், கனமான வலக்கை நியூட்ரினோவுக்கு 23 சைபர்னு வச்சா, லேசானது 0.1-னு வந்து நிக்கும். 1977-லயே பீட்டர் மின்கோவ்ஸ்கி எழுதுன யோசனை, எனக்கும் ரொம்பப் பிடிச்சதுதான், ஆனா அந்தக் கனத்தை யாரும் பாத்ததில்ல, ஜெனிவாவுல துகள்களை மோதவிடுற பெரிய மெஷினோட சக்தியை விட பல நூறு கோடி மடங்கு அது. நிரூபிச்சாச்சுன்னு எழுதுனா கேள்வி கேக்குறவங்க விடமாட்டாங்க. சீசாவுலயே டைப்பும் மூணு இருக்கு.

இந்த சீசா சரின்னா நியூட்ரினோவே தனக்கு எதிர்த்துகளா இருக்கணும், மயோரானா வகைம்பாங்க. அணுக்கரு நியூட்ரினோவே வராம ரெண்டு எலக்ட்ரானை மட்டும் துப்புதான்னு தேடுறாங்க, இன்னும் சிக்கல. சிக்குனாலும் மயோரானான்னுதான் உறுதியாகும், எந்த சீசான்னு தெரியாது, இதை நெறைய பேர் கலந்துடறாங்க.

அப்புறம் 1998-ல ஜப்பான் சூப்பர் கமியோகாண்டே சோதனை பாத்த ஆஸிலேஷன், அதாவது நியூட்ரினோ போற வழியில வகை மாறுறது, நிறையை அளந்துச்சுன்னு ஒரு வரி. அடிச்சுட்டேன். ஆஸிலேஷன்ல கிடைக்குறது நிறை வர்க்கங்களோட வித்தியாசம் மட்டும், மேல் வயலுக்கும் கீழ் வயலுக்கும் உசர வித்தியாசம் தெரியுது, கடல் மட்டத்துலேருந்து எவ்ளோன்னு தெரியாத மாதிரி. நியூட்ரினோ மூணுல ரெண்டுக்காவது நிறை கட்டாயம் உண்டு, லேசான ஒண்ணு சைபராக்கூட இருக்கலாம்.