நீச்சல் குள கிளீனர் நின்றுவிட்டதா? உடனே பிரிக்காதீர்கள்

சிட்னியில் நவம்பர் வந்தால் ஜகரண்டா மரங்கள் ஊதாப் பூக்களைக் கொட்டித் தீர்க்கும். கொல்லையில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்களுக்கு, குளத்துக்குள் ஊர்ந்து குப்பையை உறிஞ்சும் கிளீனர் அடிக்கடி நின்றுபோகிற மாதமும் அதுதான். நின்றதும் பலரும் செய்கிற முதல் தவறு, அதைக் கரையில் தூக்கிப்போட்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடுவது. நானும் அப்படி ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பிரித்திருக்கிறேன், பழுது அதற்குள் இல்லவே இல்லை.

இங்கே பலரிடம் இருப்பது உறிஞ்சும் வகை. 1974இல் தென்னாப்பிரிக்காவில் பெர்டினான்ட் ஷோவியே உருவாக்கிய கிரீப்பி கிராலி என்ற கிளீனரின் வழியில் வந்தது. இதற்குள் மோட்டார் கிடையாது, குளத்து பம்ப் இழுக்கிற தண்ணீர்தான் இதை நகர்த்துகிறது. அதனால் இழுப்பு எங்கே குறைந்தது என்று முதலில் பாருங்கள். குளத்தின் ஓரத்தில் மிதக்கும் இலையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடை, பம்ப் கூடை இரண்டையும் காலி செய்யுங்கள். ஃபில்டரில் உள்ள பிரஷர் மீட்டர், சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 50 முதல் 70 கிலோபாஸ்கல் ஏறியிருந்தால் ஃபில்டரைக் கழுவ வேண்டும். அதையும் செய்தாயிற்று என்றால், ஹோஸைக் கிளீனரிலிருந்து கழற்றி, நுனியைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து ஒரு கணம் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள் (பிள்ளைகளை இதைச் செய்ய விடவே கூடாது). வெடுக்கென்று இழுத்தால் கிளீனரைப் பிரிக்கலாம். சவசவ என்று இருந்தால் அதைத் தொடாதீர்கள், கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

குளத்துக்குத் தண்ணீர் திரும்பி வரும் வாயில் குமிழி குமிழியாக வருகிறதா? அப்படியானால் எங்கோ காற்று உள்ளே போகிறது. ஹோஸ் இணைப்புகளையும் பம்ப் மூடியின் ஓ-ரிங்கையும் (ரப்பர் வளையம்) பாருங்கள். அந்த ரிங்குக்கு வாசலின் தடவுகிற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம். அது பெட்ரோலியத்திலிருந்து வருவது, சில வகை ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். சிலிகான் கிரீஸ்தான் சரி.

கிளீனர் ஓடுகிறது, ஆனால் ஒரே மூலையையே சுற்றுகிறது என்பார்கள். ஹோஸைக் கழற்றி பாம்பு மாதிரி சுருட்டி வைத்திருப்பார்கள், அந்த வளைவு அதில் அப்படியே படிந்துவிடும். வெயிலில் நேராகப் போட்டுவைத்தால் கொஞ்சம் நிமிரும். திரும்பி வரும் தண்ணீர் ஹோஸைத் தள்ளுகிறதா என்றும் பார்த்து, அந்த வாயைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுங்கள்.

டயாஃப்ரம் என்ற ரப்பர் குழல் உள்ள மாடலில் உண்மையாகவே தேய்வது அதுதான். சும்மா பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். உதடுபோல் இருக்கும் முனையை விரலால் விரித்து வெயிலுக்கு நேரே பிடித்தால், மயிரிழைபோல ஒரு கீறல் வழியாக வெளிச்சம் வரும். அதைப் பசை போட்டு ஒட்டி நேரத்தை வீணாக்காமல், புதிதாக வாங்கி மாட்டுங்கள். குளத்தில் குளோரின் மொத்தமாகக் கொட்டும் நாட்களில் கிளீனரை வெளியே எடுத்துவைத்தால் இந்த ரப்பர் கூடுதல் நாள் வரும்.

ரோபோ வகை வேறு கதை, அதற்குச் சொந்த மோட்டார் உண்டு. கரையில் வைத்து 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று ஆன் செய்யாதீர்கள், தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரின் சீல் பாழாகும். கேபிளைப் பிடித்துத் தூக்குவதும் தவறு. கைப்பிடி கைக்கு எட்டும்வரை மட்டும் கேபிளால் இழுக்கலாம். பவர் பெட்டியைத் தண்ணீரிலிருந்து தள்ளி, நிழலில் வையுங்கள். திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இம்பெல்லரில் (தண்ணீரைத் தள்ளும் விசிறி) முடி சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

என் வீட்டில் இப்போது ஹோஸுக்கு நடுவே இலை பிடிக்கும் ஒரு பெட்டி இருக்கிறது. நவம்பர் முழுக்க இரண்டு நாளுக்கு ஒருமுறை அதைத் திறந்து பூவைக் கொட்டிவிடுகிறேன், பம்ப் கூடைவரை பூ போவதே இல்லை.