பழைய ஃப்ளையிங் ஜாக்கெட்டுக்கு எண்ணெய் தடவாதீங்க

மொத மொதல்ல வாங்கின இர்வின் ஜாக்கெட்டை, அதான் அந்தக் காலத்து பிரிட்டிஷ் விமானப்படைக்காரங்க போட்ட கம்பளித் தோல் ஜாக்கெட்டை, பாழாக்கினது நான்தான், வேற யாரும் இல்ல. தோல் காஞ்சு கிடக்கே பாவம்னு மாட்டுக் கால் எலும்புல இருந்து எடுக்கற நீட்ஸ்ஃபுட் ஆயில வாங்கி, தலைக்கு எண்ணெய் வைக்கற மாதிரி ரெண்டு நாள் ஊற ஊறத் தடவினேன், நிறம் கருத்துச்சு, பளபளன்னு ஆச்சு, எனக்கு ஒரே பெருமை. அடுத்த வாரம் ட்ரெயின்ல மேல ரேக்ல பையை வைக்கலாம்னு கையத் தூக்கறேன், வலது தோள்பட்டைத் தையலை ஒட்டி ஊறின அப்பளம் மாதிரி சத்தமே இல்லாம விட்டுப்போச்சு. இங்க இங்கிலாந்துல பழைய சாமான் சந்தையில சுத்தற நம்மாளுங்க ரெண்டு மூணு பேர் இதே ஆசையோட கேட்டதால, வாங்கறதுல இருந்து தைக்கறது வரைக்கும் எனக்குத் தெரிஞ்சதை எழுதறேன்.

சந்தையில ஃப்ளையிங் ஜாக்கெட்னு சொன்னா பெரும்பாலும் ரெண்டு சாதி. ஒண்ணு பிரிட்டிஷ் இர்வின், ராயல் ஏர் ஃபோர்ஸ் ஆளுங்க 1930கள்ல இருந்து ரெண்டாம் உலகப் போர் முழுக்கப் போட்டது. இன்னொண்ணு அமெரிக்க பி-3, 1934ல வந்தது, பி-17 மாதிரி குண்டு போடற பாம்பர் விமானத்துல போனவங்க போட்டது. அந்தக் காலத்து பாம்பர்ல உள்ள காத்தழுத்தமும் கிடையாது, சூடும் சரியா கிடையாது, இருபத்தஞ்சாயிரம் அடியில ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு துப்பாக்கி பிடிச்சு நிக்கணும், குளிர் மைனஸ் நாப்பதுக்குக் கீழ போகும். அதுக்குத்தான் கம்பளி உள்பக்கம் வர்ற மாதிரி முழு செம்மறியாட்டுத் தோல். இர்வினைச் செஞ்ச லெஸ்லி இர்வின் அமெரிக்காக்காரர், பாராசூட் ஆளு, 1919ல விமானத்துல இருந்து குதிச்சு நடுவானத்துல தானே கயித்தை இழுத்துப் பாராசூட்டை விரிச்சுக் காட்டினவரு. அவர் கம்பெனியைப் பதிவு பண்ணப்போ குமாஸ்தா பேர்ல ஒரு ஜி எழுத்தைச் சேர்த்து 'இர்விங்'னு போட்டுட்டாராம், அதை ரொம்ப வருஷம் மாத்தவே இல்ல. 1926ல லெட்ச்வொர்த்ல தொழிற்சாலை வச்சாரு, அங்கதான் இந்த ஜாக்கெட் பிறந்துச்சு.

வாங்கப் போனா மொதல்ல லேபிளைத் தேடாதீங்க. எல்லாரும் காலரைத் திறந்து லேபிளைத்தான் பார்க்கறாங்க, நான் மொதல்ல அக்குளைப் பார்ப்பேன். கை உடம்போட சேர்ற இடம், தோள்பட்டை, கழுத்துக்குப் பின்னாடி காலர் மடங்கற இடம், இந்த மூணு இடத்துலதான் தோல் மொதல்ல சாகும், வேர்வையும் இழுப்பும் அங்கதான். ரெண்டு விரலால தோலை மெதுவா மடிச்சுப் பாருங்க. மடிச்ச இடத்துல மயிரிழை மாதிரி கோடு விழுந்து விட்டதும் மறைஞ்சா பரவாயில்ல, கோடு அப்படியே நின்னு உள்ள வெளுப்பா நார் தெரிஞ்சா அது அட்டை, தோல் இல்ல. தையல் ஓட்டை வரிசையா ஸ்டாம்ப் கிழிக்கற மாதிரி நீண்டிருக்கான்னும் பாருங்க, அப்படி இருந்தா அங்க திரும்பத் தைக்கறதுக்குப் பிடிமானம் இருக்காது. விக்கறவரு மடிச்சுப் பார்க்க விடலன்னா அதுவே ஒரு பதில், டீ குடிச்சிட்டு வந்துடுங்க. எண்ணெய் தடவி மினுக்கின ஜாக்கெட்டும் எனக்கு ஆகாது, கைக்குப் பிசுபிசுன்னு இருந்தா வச்சிட்டு நகர்ந்துடுவேன்.

தோல் தேறுச்சுன்னா அப்புறம் அசலா நகலான்னு பாருங்க. இர்வின்ல பழசுல பெரிய பெரிய தோல் துண்டா இருக்கும், போர் நீள நீள தோல் தட்டுப்பாடு வந்து சின்னச் சின்னத் துண்டா ஒட்டுப் போட ஆரம்பிச்சுட்டாங்க, அதனால முதுகுல நிறைய தையல் இருந்தா போலின்னு நினைக்காதீங்க, அது பிற்பாடு வந்த அசலா இருக்கலாம். கையில மணிக்கட்டுல இருந்து மேல ஏறற ஜிப் இருக்கும், பெரிய கையுறை போட்டா கை நுழையணுமே அதுக்கு. இடுப்புல பெல்ட். வெளிப்பக்கம் பாக்கெட் கிடையாது, இருந்தா கொஞ்சம் சந்தேகப்படுங்க, ஆனா பைலட்டுங்களே தச்சுக்கிட்டதும் உண்டு, அந்தத் தையல் பழசா புதுசான்னு நூலைப் பார்த்தா தெரிஞ்சிடும். ஜிப் உலோகமா இருக்கணும், ப்ளாஸ்டிக் பல்லு இருந்தா பிற்பாடு மாத்தினது. பி-3ல கதை வேற, அதுக்கு மேல கரும்பழுப்புல வார்னிஷ் மாதிரி ஒரு லாக்கர் பூச்சு அடிச்சிருப்பாங்க, ஈரம் இறங்கக்கூடாதுன்னு. அந்தப் பூச்சு இப்போ வறண்ட ஏரி மாதிரி வெடிச்சு உரிஞ்சு, உள்ள செம்பழுப்பு தெரியும். அது வயசு, அழகுதான், அதை மூட ஷூ பாலிஷ் போட்டவங்களை எனக்குத் தெரியும், பேர் வேண்டாம். விலை சில நூறு பவுண்டுல ஆரம்பிச்சு நல்ல நிலைமைல இருந்தா ஆயிரத்தையும் தாண்டும்.

தொட்டா செம்மண் மாதிரி பொடி கைல ஒட்டுதா, அதுக்குப் பேரு ரெட் ராட். மரப்பட்டைச் சாறுல பதப்படுத்தின தோல், காத்துல இருக்கற கந்தகப் புகையை உறிஞ்சி உள்ளயே அமிலம் ஆகி நாரு பொடியாகறது. ஜாக்கெட்ல பட்டி, வார், விளிம்புல வச்சுத் தச்ச தோல் இதுங்கள்லதான் நான் அதிகம் பார்த்திருக்கேன். இதுல ஒரு சங்கடம், போன நூற்றாண்டு ஆரம்பத்துல லண்டன்ல புத்தக பைண்டிங் தோல் ஏன் பொடியாகுதுன்னு ஒரு கமிட்டி போட்டு ஆராஞ்சப்போ மட்டமான தோல்னு பட்டியல் போட்டதுல நம்ம பக்கத்து ஆவாரம்பட்டைத் தோலும் ஒண்ணு. ரெட் ராட் வந்தா திரும்பாது, நிறுத்தத்தான் முடியும். ம்யூசியத்துல க்ளூசெல் ஜின்னு ஒரு பொடியை ஆல்கஹால்ல கரைச்சு மெல்லிசா தடவி நாரைக் கட்டிப்போடறாங்க, தண்ணி சேர்க்காம. வீட்ல பண்ணணும்னா தெரியாத ஒரு மூலைல தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்க, நிறம் கருத்தா நிறுத்திடுங்க.

தண்ணி ஏன் கூடாதுன்னா, செத்துக்கிட்டிருக்கற தோல் நனைஞ்ச பிறகு கொஞ்சம் சூடு பட்டாலே சுருங்கிடும், ஹேர் ட்ரையர் காத்தே போதும், வறுத்த வடாம் மாதிரி ஆயிடும், திரும்ப விரியாது. ட்ரை க்ளீனிங்கும் வேண்டாம், தோல்ல மிச்சமிருக்கற கொழுப்பையும் அது எடுத்துடும். உள்பக்கக் கம்பளிக்கு நாய்க்கு முடி சீவற பிரஷ் வாங்கிக்கங்க, சிரிக்காதீங்க, அதைவிட நல்ல சாமான் கிடையாது, நுனியில இருந்து ஆரம்பிச்சு அடிக்குப் போகணும், சிக்கை இழுத்தா தோல் சேர்ந்து வரும். தூசிக்கு வேக்குவம் குழாய் வாய்ல பழைய நைலான் சாக்ஸைக் கட்டி குறைஞ்ச இழுப்புல வச்சு எடுங்க. வாசனைக்கு நிழல்ல காத்து, ரெண்டு மூணு நாள்.

இப்ப தையல். என் அந்த வலது தோள்பட்டையைத் தச்ச கதையையே சொல்றேன். எண்ணெய் ஊறின இடத்துல மை ஒத்தி எடுக்கற ப்ளாட்டிங் பேப்பர் வச்சு வாரக்கணக்குல மாத்தி மாத்தி எடுத்தேன், முழுசா வரல. சமையலறை மேஜைல ஜாக்கெட்டைத் திருப்பாம, தோள்பட்டைக்குள்ள சுருட்டின டவலை வச்சு நிமிர்த்தி வச்சேன், இழுப்பு இல்லாம விளிம்பு ரெண்டும் தானா சேரணும், கையால இழுத்துப் பிடிச்சுத் தச்சா அடுத்த கிழிசல் பக்கத்துலயே வரும். தோலுக்குன்னு மூணு முகம் வச்ச ஊசி விக்கறாங்க, புதுத் தோலுக்கு நல்லது, பழசுக்கு அது கத்தி, ஓட்டையை வெட்டி வெட்டிப் பெருசாக்கும். நான் முனை மழுங்கின சாதா ஊசியை எடுத்து பழைய ஓட்டையிலயே விட்டேன், ஒவ்வொரு ஓட்டையையும் விளக்குக்கு எதிரா பிடிச்சுத் தேடி. நூல் தேன்மெழுகு பூசின பருத்தி நூல், பழுப்பு. நைலான், பாலியஸ்டர் நூல் அறுந்து போகாது, அதுதான் தப்பு, என்னைக்காவது இழுப்பு வந்தா நூல் அறுகணும், தோல் கிழியக்கூடாது. விளிம்போட விளிம்பு ஒட்டினாப்ல வச்சு மேல சுத்தித் தைக்கற தையல், வீட்ல அம்மா துணி விளிம்புக்குப் போடுவாங்களே அதேதான். ஒவ்வொரு தையலுக்கும் நடுவுல கம்பளி முடி ரெண்டு மூணு மாட்டிக்கும், ஊசியோட பின்பக்கத்தால அதை உள்ள தள்ளி விடணும், இல்லன்னா மடிப்புல முடி வெளிய மீசை மாதிரி நிக்கும். பன்னெண்டு சென்டிமீட்டர் தைக்க மூணு மணி நேரம் ஆச்சு. கடைசியா மேல மெல்லிசான தோல் பட்டி ஒண்ணு வச்சு மூடினேன்.

நடுப் பகுதில கிழிஞ்சா பட்டி வச்சு மறைக்க முடியாது. உள்ள கம்பளியை கிழிசல் சுத்தி ஒரு சென்டிமீட்டர் ஒட்ட வெட்டிட்டு அடியில மெல்லிசான தோலோ லினன் துணியோ வச்சு ஒட்டணும். பசை பிறகு கழட்டற மாதிரி இருக்கணும், பேவா 371ன்னு ம்யூசியக்காரங்க சூட்டுல ஒட்டறது இருக்கு, ஆனா சூட்டுல ஒட்டறதுக்கு அனுபவம் வேணும், முடியலன்னா கைதேர்ந்த ஆள்கிட்ட குடுங்க. சூப்பர் க்ளூ மட்டும் வேண்டவே வேண்டாம், அது கல்லாகி அதோட விளிம்புல இருந்தே கிழியும். புதுக் கம்பளித் தோல்ல ஒட்டு வெட்டும்போது கத்தரி கூடாது, தோல் பக்கம் இருந்து ப்ளேடால தோலை மட்டும் கீறணும், கம்பளி அறுபடாம பிரிஞ்சு வரும்.

ஜிப் இறுகினா இழுக்காதீங்க. பல்லுல பென்சில் முனையைத் தேய்ங்க, இல்ல மெழுகுவர்த்தியை, ரெண்டு நாள் மெதுவா மேல கீழ ஓட்டுங்க. தேறாம புது ஜிப் போட்டீங்கன்னா பழசை ஒரு கவர்ல போட்டு ஜாக்கெட்டோடயே வைங்க, அடுத்தவன் வாங்கும்போது அது தங்கம்.

போடறப்போ ரெண்டு விஷயம். கை ஜிப்பைத் திறந்துட்டு ரெண்டு கையையும் முன்னாடி ஒண்ணா நுழைச்சுப் போடுங்க, ஒரு கையை விட்டுட்டு இன்னொண்ணை முதுகுக்குப் பின்னாடி துழாவினா அக்குள் போச்சு. முதுகுப்பை கூடாது, கார்ல உக்காரும்போது கழட்டி பின் சீட்ல போடுங்க, ஸ்டீயரிங் பிடிச்சா முதுகு இழுக்கும். அளவு வாங்கும்போது உங்க மார்பளவைவிட ஜாக்கெட் சுத்தளவு ஆறு இன்ச்சாவது கூட இருக்கட்டும், உள்ள கம்பளி நிறைய இடம் பிடிச்சுக்கும். மழைக்குப் போடாதீங்க, நனைஞ்சுட்டா அகலமான ஹேங்கர்ல மாட்டி ரேடியேட்டர் இல்லாத அறையில தானா காய விடுங்க. தினமும் போட ஆசைன்னா நகல் வாங்குங்க, டெவன்ல ஈஸ்ட்மேன், ஸ்காட்லாந்துல ஏரோ, ரெண்டும் இந்த வகை ஜாக்கெட்டுங்களை நல்லா தைக்கறவங்க. அசலை நான் டக்ஸ்ஃபோர்ட் ஏர் ஷோ மாதிரி வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் எடுக்கறேன்.

எடுத்து வைக்கும்போது ப்ளாஸ்டிக் கவர் வேண்டாம், பழைய பருத்திப் போர்வை போதும், தோள் அகலத்துக்குப் பஞ்சு சுத்தின ஹேங்கர். பெரிய எதிரி அந்துப்பூச்சி, புழு கம்பளியைத் தின்னு வழுக்கை விழ வைக்கும். சந்தையில இருந்து வந்ததை மத்த கம்பளி பக்கத்துல விடாம, பாலித்தீன் பையில காத்தை அழுத்தி எடுத்து இறுக்கிக் கட்டி ஃப்ரீசர்ல மைனஸ் பதினெட்டுல ரெண்டு வாரம். வெளிய எடுத்ததும் உடனே திறக்காதீங்க, ஒரு நாள் அப்படியே விடுங்க, ஈரம் பையோட வெளிப்பக்கம் வேர்க்கட்டும், தோல் மேல வேண்டாம். இப்பவும் எங்க வீட்டு ஃப்ரீசர்ல ஒரு பி-3 கிடக்கு, இன்னும் ஒன்பது நாள் இருக்கு, மீன் வைக்க இடமில்லன்னு வீட்ல தினமும் கேக்கறாங்க.