தேவாரம் ஓதத் தொடங்குவது எப்படி? ஐந்தாம் திருமுறை வழியாக ஓர் எளிய பாதை

தேவாரம் கற்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பன்னிரு திருமுறை என்ற சைவப் பாடல் தொகுப்பின் முதல் திருமுறையைப் பிரித்து, 'தோடுடைய செவியன்' என்று ஆரம்பிப்பார்கள். மரபுப்படி அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆசிரியர் எதிரே உட்கார்ந்து சொல்லித் தந்தால் அதுவே நல்ல தொடக்கம். ஆனால் வீட்டில் தானாகக் கற்கிறவருக்கு, நட்டபாடை என்ற பண்ணும் (பண் என்பது பழந்தமிழ் இராகம்) நீளமான அடிகளும் சேர்ந்து இரண்டாம் பாட்டிலேயே மூச்சு வாங்க வைத்துவிடும். அதற்கு முன்னால் திருநாவுக்கரசரின் ஐந்தாம் திருமுறையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போகலாம் என்பது என் யோசனை.

காரணம் எளிது. ஐந்தாம் திருமுறையில் 100 பதிகங்கள் (பதிகம் என்பது ஏறக்குறையப் பத்துப் பாட்டுகள் கொண்ட ஒரு தொகுதி). நூறும் ஒரே செய்யுள் வகை, அதற்குத் திருக்குறுந்தொகை என்று பெயர். ஒரு பாட்டுக்கு நாலு அடி, ஓர் அடிக்கு நாலு சீர் (சீர் என்பது அடியின் ஒரு துண்டு), அவ்வளவுதான். ஒரு பதிகத்தின் மெட்டு நாக்கில் உட்கார்ந்துவிட்டால் மற்ற 99 பதிகங்களையும் அதே மெட்டில் ஓதிப் பார்க்கலாம்.

முதல் படி: எது எங்கே இருக்கிறது

இதில் நிறைய நேரம் செலவழிக்க வேண்டாம். பன்னிரு திருமுறைகளில் முதல் மூன்று சம்பந்தர், அடுத்த மூன்று அப்பர் (திருநாவுக்கரசருக்கு இன்னொரு பெயர்), ஏழாவது சுந்தரர். இந்த ஏழும்தான் தேவாரம். எட்டாவதில் மாணிக்கவாசகரின் திருவாசகமும் திருக்கோவையாரும், ஒன்பதாவதில் திருவிசைப்பாவும் திருப்பல்லாண்டும், பத்தாவது திருமந்திரம், பதினொன்றாவது காரைக்கால் அம்மையார் முதலாகப் பலர் பாடியவை, பன்னிரண்டாவது சேக்கிழாரின் பெரியபுராணம். இப்போதைக்கு இது போதும்.

இரண்டாம் படி: இரண்டு வகைப் பதிப்பும் கையில் இருக்கட்டும்

ஒரே பாடல் இரண்டு விதமாக அச்சாகும். ஒன்று, யாப்புப்படி சீர் சீராகப் பிரித்தது. மற்றொன்று, பொருள் புரியும்படி சொல் சொல்லாகப் பிரித்தது. ஓதுவதற்கு முதல் வகை, புரிந்துகொள்வதற்கு இரண்டாம் வகை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் திண்டாட்டம்தான். தருமபுரம் ஆதீனம் உரையோடு வெளியிட்ட பன்னிரு திருமுறைப் பதிப்பு இணையத்திலும் கிடைக்கிறது. தொடங்குவதற்கு அதுவே தாராளம்.

சீர் பிரித்த பதிப்பில் என்ன சிக்கல் வரும் என்று ஓர் உதாரணம். திருமறைக்காட்டுப் பதிகம் இப்படித் தொடங்கும்:

பண்ணின் நேர்மொழி யாளுமை பங்கரோ

புதிதாகப் படிக்கிறவர் 'யாளுமை'யைப் பார்த்து 'ஆளுமை'யோ என்று மயங்குவார். மொழியாள், உமை என்று பிரித்தால் விஷயம் முடிந்தது. பண்ணை ஒத்த மொழியுடைய உமையைப் பங்காகக் கொண்டவர் என்று பொருள். இன்னொரு பாட்டில் 'விறகிற் றீயினன்' என்று வரும். 'றீ' என்று ஒரு சொல் தொடங்குமா என்று திகைக்க வேண்டாம், அது விறகில் தீயினன். விறகுக்குள் தீ மறைந்திருப்பதுபோல் இருப்பவன் என்கிறார் அப்பர். இப்படிப் பட்ட இடங்களில் பென்சிலால் மேலே பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் நிறுத்தித் தடுமாற வேண்டியிருக்காது.

மூன்றாம் படி: 'மாசில் வீணையும்'

முதல் பதிகமாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் திருமுறையில் 90ஆவது பதிகம்.

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே

மாசு இல் வீணை, வீங்கு இளவேனில், மூசு வண்டு அறை பொய்கை. கடைசியில் வரும் 'அறை'க்கு ஒலித்தல் என்று பொருள், வண்டுகள் மொய்த்து ரீங்காரம் செய்யும் குளம். நீழல் என்பது நிழல்தான்.

இந்தப் பாட்டு பாடப்பட்ட இடம் தெரிந்தால் ஓதும்போது குரல் தானாக மாறும். சமண சமயத்தில் இருந்து சைவத்துக்குத் திரும்பிய அப்பரைப் பல்லவ மன்னன் சுண்ணாம்பு நீற்றறைக்குள் தள்ளி ஏழு நாள் பூட்டி வைத்தான் என்பது பெரியபுராணச் செய்தி. நீற்றறை என்பது சுண்ணாம்புக் காளவாய். அந்தக் கொதிப்புக்குள் இருந்துதான் நிலவும் தென்றலும் குளமும் வருகின்றன.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. முதல் அடியில் புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணுங்கள்: மா, சி, வீ, ணை, யு, மா, லை, ம, தி, ய, மு. மொத்தம் 11. மற்ற மூன்று அடிகளும் அதே 11. அடுத்த பாட்டு 'நமச்சிவாயவே ஞானமும் கல்வியும்' என்று தொடங்கும். அதை எண்ணினால் அடிக்கு 12. அடி நேரசையில் தொடங்கினால் 11, நிரையசையில் தொடங்கினால் 12 என்பது இந்தச் செய்யுளின் கட்டளை. 'மா' தனியாக நிற்பதால் நேர், 'நம' இரண்டு குறில் சேர்ந்து வருவதால் நிரை. இலக்கணம் பிடிக்காதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஆனால் ஒரு மெட்டு நூறு பதிகத்துக்கும் எப்படிப் பொருந்துகிறது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

நான்காம் படி: கேட்பது, அப்புறம் ஓதுவது

முதலில் வாய் திறக்காமல் கேளுங்கள். தருமபுரம் ப. சுவாமிநாதன் போன்ற ஓதுவார்களின் (திருமுறை ஓதுவதையே பணியாகக் கொண்டவர்களின்) பதிவுகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். சினிமாப் பாணியில் வாத்தியம் நிரப்பிய பதிவுகள் கேட்க இனிமையாக இருக்கலாம், கற்பதற்கு உதவாது. எழுத்து எங்கே முடிகிறது, மூச்சு எங்கே எடுக்கிறார் என்பது அவற்றில் அமுங்கிவிடும்.

கேட்டது பழகியபின், பாடாமல் வெறுமனே சீர் சீராக வாசியுங்கள். ஒவ்வொரு சீருக்கும் தொடையில் ஒரு தட்டு. மாசில், வீணையும், மாலை, மதியமும். நாலு தட்டில் ஓர் அடி முடிய வேண்டும். இது பிசகாமல் வந்தபிறகு மெட்டைச் சேருங்கள். ஒரு மூச்சுக்கு ஓர் அடி. இடையில் மூச்சு முட்டினால் சீர் முடிகிற இடத்தில் எடுங்கள், சொல்லை உடைத்து எடுக்காதீர்கள்.

பாடத் தெரியாது, குரல் இல்லை என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாராயணமாக, நிதானமாக வாசித்தாலும் அது ஓதுதல்தான். சுருதிப்பெட்டி, தாளம் எல்லாம் பின்னால் வரட்டும். ஆனால் ல, ழ, ள உச்சரிப்பில் மட்டும் சலுகை கிடையாது. 'நீழலே'யை 'நீளலே' ஆக்கினால் நிழல் காணாமல் போய்விடும்.

ஐந்தாம் படி: தினமும் எப்படி

குளித்து, நீறு பூசி, விளக்கேற்றி, கிழக்கோ வடக்கோ நோக்கி உட்காருவது வழக்கம். காலையோ மாலையோ, உங்களுக்கு ஒத்துவருகிற நேரம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஓதும் முன் 'திருச்சிற்றம்பலம்' என்று சொல்லித் தொடங்கி, முடிந்ததும் மறுபடி 'திருச்சிற்றம்பலம்' சொல்ல வேண்டும். இதை மட்டும் விடாதீர்கள்.

முழுப் பதிகம் ஓதுவது நல்லது. நேரம் இல்லாத நாளில் முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் ஓதி நிறைவு செய்யலாம். மனப்பாடம் செய்ய அவசரம் வேண்டாம். நாளுக்கு ஒரு பாட்டு என்று சேர்த்து, முந்தைய பாட்டுகளோடு சேர்த்தே ஓதி வந்தால் தானாக மனதில் நிற்கும்.

ஆறாம் படி: கதவு திறந்த பதிகம்

அடுத்தது மேலே சொன்ன 'பண்ணின் நேர்மொழி', ஐந்தாம் திருமுறையில் 10ஆவது. வேதாரண்யத்தில், அதாவது திருமறைக்காட்டில், வேதங்கள் வழிபட்டுத் திருக்காப்பிட்ட, அதாவது பூட்டிய, கதவு திறக்காமலே இருந்தது, ஊரார் வேறு வாசல் வழியாகப் போய் வந்தார்கள். சம்பந்தர் கேட்டுக்கொள்ள, கதவு திறக்க அப்பர் பாடினார். பாட்டுக்குப் பாட்டு 'கதவைத் திறந்தருளும்' என்ற வேண்டுகோள்தான். கதவு அசையவில்லை. கடைசிப் பாட்டில் பொறுமை தீர்ந்து, 'இரக்கம் ஒன்றிலீர்' என்றே கேட்டுவிடுகிறார். அப்போதுதான் திறந்தது. பிறகு சம்பந்தர் 'சதுரம் மறைதான்' என்று தொடங்கியதும் உடனே மூடிக்கொண்டதாம். அப்பருக்கு இதில் வருத்தம் என்கிறது பெரியபுராணம். யாருக்குத்தான் இருக்காது?

ஓதும்போது இந்த ஏற்றம் குரலில் வரட்டும். முதல் பாட்டின் பணிவும் கடைசிப் பாட்டின் உரிமைக் கோபமும் ஒரே சாயலில் இருக்கக் கூடாது. மெட்டு ஏற்கெனவே தெரியும் என்பதால் இங்கே உங்கள் கவனம் முழுவதும் பொருளில் நிற்கும்.

மூன்றாவதாக எதை எடுப்பது என்று கேட்டால், திருக்கடம்பூர்ப் பதிகம், 19ஆவது. 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்று எல்லோரும் மேடையில் சொல்கிற அடி அதில்தான் இருக்கிறது. அதுவும் குறுந்தொகையே.

ஏழாம் படி: பஞ்சபுராணம்

கோயிலில் பூசையின்போது ஓதுவார் வரிசையாக ஐந்து பாட்டுப் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. வீட்டிலும் இதை ஓதலாம். தேவாரத்துக்கு உங்களிடம் 'மாசில் வீணையும்' தயாராக இருக்கிறது. திருவிசைப்பாவுக்கு 'ஒளிவளர் விளக்கே', திருப்பல்லாண்டுக்கு 'மன்னுக தில்லை', பெரியபுராணத்துக்கு 'உலகெலாம் உணர்ந்து' என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவாசகத்தில் உங்களுக்குப் பிடித்தது எதுவும் சரி, மோகன ராகத்தில் ஓதுவது மரபு. முடிவில் கந்தபுராணத்தின் 'வான்முகில் வழாது பெய்க' சொல்லி வாழ்த்துவார்கள்.

அதற்குப் பிறகு

இப்போது முதல் திருமுறைக்குப் போகலாம். அது பண் வாரியாக அடுக்கப்பட்டது. முதல் 22 பதிகங்களும் நட்டபாடை, 23ஆவதில் இருந்து தக்கராகம். ஆக, 'தோடுடைய செவியன்' வசப்பட்டால் இன்னும் 21 பதிகங்களுக்கு வழி திறக்கும். சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன், ஒன்பதில் அயனும் மாலும் (பிரமனும் திருமாலும்) சிவனைத் தேடியது, பத்தில் சமண பௌத்தர் மீதான சாடல், பதினொன்றில் தன் பெயரும் ஓதும் பயனும் வரும். இந்த வரிசை தெரிந்தால் மனப்பாடம் பாதி சுலபம்.

அந்தத் திருமுறையின் கடைசிப் பதிகமான 136ஐ மட்டும் தனியாக முயல வேண்டாம். அது யாழ்மூரி. கூடவே யாழ் வாசித்து வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணராலேயே தருமபுரத்தில் அந்தப் பாட்டைக் கருவியில் அடக்க முடியவில்லை என்கிறார்கள். அதற்கு ஓர் ஓதுவாரைத் தேடிப் போங்கள்.